உதவித்தொகை முதல் உத்தியோகம் வரை: 17 குறிப்புகள்

சயின்ஸ், இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் ஜூன் மாதம் வந்தாலே நகை டப்பா பக்கம் கண் போகும். எங்கள் வீட்டிலும் இரண்டு முறை போனது. சான்றிதழையும் தேதியையும் கொஞ்சம் முன்னாலேயே கவனித்திருந்தால், ஒரு ஜோடி வளையலாவது தப்பித்திருக்கும். பட்டுத் தெரிந்துகொண்டவை இதோ:

1. ஆதார், சாதிச் சான்று, வருமானச் சான்று, மார்க்‌ஷீட், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றிலும் ஐந்தைந்து ஜெராக்ஸ் எடுத்து ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். ஸ்கேன் செய்து பிள்ளையின் மெயிலிலும் ஏற்றிவிடுங்கள். கடைசித் தேதி ராத்திரி பதினொரு மணிக்கு எந்த ஜெராக்ஸ் கடையும் திறந்திருக்காது.

2. ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க்‌ஷீட்டில் பின்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக. இப்படி மூன்று விதமாக இருந்தால் ஆன்லைன் விண்ணப்பம் முரண்டு பிடிக்கும். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் இருப்பதை அளவாக வைத்து, மற்றதை ப்ளஸ் டூ லீவிலேயே திருத்திவிடுங்கள்.

3. வங்கியில் ஆதார் நகல் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கணக்கு ஆதாரோடு 'சீடிங்' ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால், சீடிங் ஆன ஒன்றில்தான் பணம் விழும். எங்கள் பெண்ணின் உதவித்தொகை, நாங்கள் மறந்தே போன பழைய கணக்கில் ஆறு மாதம் தூங்கியது!

4. சாதிச் சான்றை ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்று ஒரு வருடம்தான் செல்லும். ரிசல்ட் வந்த வாரம் இ-சேவை மையத்தில் திருவிழாக் கூட்டம். ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிட்டால் ஒரு நாள் கூலியும் மிச்சம், வெயிலும் மிச்சம்.

5. அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியிலோ எட்டாவது படிக்கிறதா பிள்ளை? வருமானம் வருடத்துக்கு 3.5 லட்சத்துக்குள் இருந்தால் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதச் சொல்லுங்கள். தேறினால் ஒன்பதாவது முதல் ப்ளஸ் டூ வரை வருடம் 12,000 ரூபாய்; நாலு வருடத்து டியூஷனுக்கு ஆகும்.

6. ராக்கெட் படம் ஒட்டி வைத்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு, இஸ்ரோவின் 'யுவிகா' கோடை முகாம் பற்றிச் சொல்லுங்கள். 2019 முதல் நடக்கிறது. தேர்வானால் பயணச் செலவு, தங்கல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வினாடி வினா, அறிவியல் கண்காட்சிச் சான்றிதழ்களை எல்லாம் பத்திரப்படுத்துங்கள், தேர்வுக்கு உதவும்.

7. ப்ளஸ் ஒன்னுக்கு மட்டும் தனியார் பள்ளி என்று மாற்றும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். ஆறாவது முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால், இன்ஜினீயரிங் கலந்தாய்வில் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது.

8. அதே பிள்ளை கல்லூரிக்குப் போனதும் மாதம் 1,000 ரூபாயும் வரும்: பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதற்குத் தடையில்லை. அதைத் தனியாகச் சேர்த்து வைத்தால் கடைசி வருட ப்ராஜெக்ட் சாமான் செலவு கையைக் கடிக்காது.

9. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றைக் கலந்தாய்வுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். ஒன்று மட்டும் ஞாபகம்: மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இது செல்லாது.

10. பெண் பிள்ளை டிப்ளமோவோ இன்ஜினீயரிங்கோ சேர்ந்தால், ஏ.ஐ.சி.டி.இ.யின் 'பிரகதி' உதவித்தொகைக்கு முதல் வருடமே விண்ணப்பியுங்கள். வருடம் 50,000 ரூபாய். வருமான வரம்பு 8 லட்சம். ஒரு வீட்டில் இரண்டு பெண்களுக்குக் கிடைக்கும். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க மறந்தால் வந்த லட்சுமி வாசலோடு திரும்பிவிடுவாள்.

11. "வெறும் பி.எஸ்சி. பிசிக்ஸா?" என்று உதட்டைப் பிதுக்கும் மாமாவுக்கு 'இன்ஸ்பயர்' உதவித்தொகை பற்றிச் சொல்லுங்கள். ப்ளஸ் டூவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு வருடம் 80,000 ரூபாய். அதில் 20,000, கோடையில் ஒரு விஞ்ஞானியிடம் ப்ராஜெக்ட் செய்வதற்கென்றே.

12. மினி டிராஃப்டர், லேப் கோட், முதல் வருடப் புத்தகம் எதையும் புதிதாக வாங்காதீர்கள். டிராஃப்டரின் வேலை முதல் வருடத்தோடு சரி, பிறகு பரணில்தான். ஹாஸ்டல் சீனியரிடம் பாதி விலைக்குக் கிடைக்கும், கூடவே இன்டர்ன்ஷிப் தகவலும் இலவசம்.

13. கோடை இன்டர்ன்ஷிப்பைக் கோடையில் தேடினால் கிடைக்காது. தீபாவளிப் பட்சணம் தீர்வதற்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சித் திட்டத்துக்கு நவம்பர் வாக்கிலேயே கதவு மூடிவிடும். தேர்வானால் எட்டு வாரம் நல்ல ஆய்வகத்தில் வேலை, உதவித்தொகை, போகவர ரயில் செலவும் உண்டு.

14. பேராசிரியருக்கு மெயில் போடும்போது ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பாதீர்கள். அவர் எழுதிய ஒரு கட்டுரையையாவது படித்து, அதில் புரிந்ததையும் புரியாததையும் நாலு வரியில் எழுதச் சொல்லுங்கள். முக்கியமாக, பெண் பேராசிரியருக்கு 'ரெஸ்பெக்டட் சார்' போய்விடக் கூடாது!

15. ஸ்டைபெண்ட் இல்லாத இன்டர்ன்ஷிப்பைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சர்டிஃபிகேட்டுக்குப் பணம் கட்டச் சொன்னால் அது வியாபாரம். அந்தப் பணத்துக்கு, பக்கத்துத் தொழிற்பேட்டை லேத் பட்டறைக்கு ஒரு மாதம் பஸ்ஸில் போய்வரலாம். தினமும் செய்ததை நாற்பது பக்க நோட்டில் குறித்து வரட்டும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முதல் நாள் அதைப் புரட்டினால் போதும்.

16. படிப்பு முடிந்து வேலைக்காகக் காத்திருக்கும் பிள்ளையைத் திட்டாமல், அப்ரண்டிஸ் பயிற்சிக்குப் பதியச் சொல்லுங்கள். சென்னை தரமணியில் இருக்கும் மத்திய அரசு வாரியம்தான் தென் மாநிலங்களுக்கு இதைப் பார்த்துக்கொள்கிறது. ஒரு வருடம் மாதாமாதம் உதவித்தொகை, கடைசியில் அனுபவச் சான்று, 'எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?' என்ற கேள்விக்கும் பதில் ஆயிற்று.

17. முதல் ஸ்டைபெண்டில் அம்மாவுக்குப் புடவை எடுக்கப் பிள்ளை ஆசைப்படும். ஒரு வருடம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். அந்தப் பணம் கேட் தேர்வுக் கட்டணத்துக்குப் போகட்டும்: கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் கிடைக்கும். நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கி ஆராய்ச்சிக்குப் போனால் மாதம் 37,000. புடவையை அப்போது பட்டாகவே எடுத்துக்கொள்ளலாம்.