எங்கடின் பனியில் நீரிழிவுக்காரர் கண்ணுக்கு...

சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கிலுள்ள சென் மோரிட்ஸ் 1,800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. பனி வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும்.

• பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதியுங்கள். தொடக்கப் பாதிப்பில் வலி இராது.

• கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரம் பனி ஊசியாய்க் குத்தும். கறுப்புக் கண்ணாடி அணியுங்கள், கார் ஓட்டாதீர்கள்.

• பருவ வயதிலும் கர்ப்ப காலத்திலும் ஹார்மோன் மாற்றத்தால் விழித்திரைப் பாதிப்பு விரைந்து முற்றலாம். நீரிழிவோடு கர்ப்பமான பெண்கள் முதல் மூன்று மாதத்துக்குள் கண்ணைக் காட்டுங்கள்.

• குளிரில் உறையாமலிருக்க இன்சுலினை ஜாக்கெட்டின் உள்பையில் வையுங்கள். உறைந்ததைப் போடாதீர்கள்.

• திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்தாற்போல் மறைத்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். வேலை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்!