முற்றத்து வனப்பு

அழகு தொலைவில் உள்ளது என்று எண்ணுவோர் பலர். உதகையின் மலைச் சரிவையும் குற்றாலத்தின் அருவியையும் குமரிமுனையின் கடலையும் காண அவர்கள் நெடுந்தொலைவு செல்வர், கண்டு களிப்பர், மீள்வர். அது நன்றே. ஆயினும், ஆண்டிற்கு ஒருமுறை காணும் அழகு ஆண்டு முழுவதற்கும் போதுமோ? நாள்தோறும் நடக்கும் வழியிலும் தன் வீட்டு முற்றத்திலும் உள்ள அழகைக் காணாத கண், மலைமீது ஏறினும் அரைகுறையாகவே காணும். கண்ணைப் பழக்கினாலன்றிக் காட்சி முழுமை பெறாது. அங்ஙனம் பழக்குவதற்கு எளிய வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, வண்ணத்துப்பூச்சியை வீட்டில் வளர்த்தல். மற்றொன்று, இயற்கையைப் புகைப்படம் எடுத்தல். இவ்விரண்டும் எவ்வாறு நம் கண்ணையும் கருத்தையும் பண்படுத்துகின்றன என்பதை ஈண்டுக் காண்போம்.

அருகில் உள்ளதைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் நம் முன்னோர்க்கு இருந்தது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களைப் பெயர் சுட்டிக் கூறியுள்ளார். அவற்றுள் காந்தளும் குறிஞ்சியும் மட்டுமா உள்ளன? வழியோரத்து ஆவிரையும் தும்பையும் கொன்றையும் அவ்வரிசையில் இடம் பெற்றுள்ளன. அரிய மலர் இது, எளிய மலர் இது என்று புலவர் வேறுபாடு காட்டவில்லை. பெயர் அறிந்து போற்றும் கண்ணுக்கு எல்லா மலரும் மலரே.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தேன்கனிக்கோட்டை வட்டத்தில், கருநாடக எல்லையை ஒட்டி ஜவளகிரி என்னும் ஊர் உள்ளது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் பகுதி அது. ஒருபுறம் கேழ்வரகுக் கொல்லைகள்; மறுபுறம் காடு. அக்காடு மாநில எல்லையைக் கடந்து பன்னேர்கட்டாக் காட்டோடு இணைகின்றது. கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் அவ்வழியே வருவது வழக்கம். இம்மாவட்டக் காடுகளின் ஒரு பகுதி 2014-ஆம் ஆண்டில் காவிரி வடக்கு வனவுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. வடதிசையில் ஓசூர் மாநகரம் ஆலைகளும் அகன்ற சாலைகளுமாக வளர்ந்து வருகின்றது. இவ்வாறு காட்டிற்கும் ஆலைக்கும் இடைப்பட்ட ஊர்களில், யானை வந்தால் ஊரே அதைப் பற்றிப் பேசும். ஆனால், வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியில் நிகழும் வியப்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

புழு வளர்த்தல் இவ்வட்டாரத்தார்க்குப் புதிய செயலன்று. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் உழவர் பலர் உளர். தழை கொய்து தட்டில் இடுவதும், புழு தோலுரிக்கும் காலத்தில் அமைதி காப்பதும், கூடு கட்டும் பருவத்தில் அதனைச் சந்திரிகையில் ஏற்றுவதும் இங்குள்ள சிறுவர் பலர் கண்டறிந்தவையே. பட்டுக்கூடு ஒரே இழையால் ஆனது; அவ்விழை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் நீளம் இருத்தலும் உண்டு. உள்ளிருக்கும் பூச்சி வெளிவந்தால் இழை அறுபட்டுப் போகும். ஆதலின், கூட்டை வெப்பத்தில் இட்டு, அது வெளிவருமுன்னரே உயிரைப் போக்குவர். அது பிழைப்பிற்கு வேண்டிய தொழில். அதனைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. ஆயின், அதே பொறுமையோடு மற்றொரு புழுவை வளர்த்து, அது கூட்டைவிட்டு வெளிவரும் நாள்வரை காத்திருந்து, பறக்க விடுவோமாயின் நாம் பெறுவது யாது? கையில் காசு இல்லை; கண்ணில் ஒளி உண்டு.

எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் ஆகிய செடிகளுள் ஒன்றன் இளந்தளிரைக் காலைப்பொழுதில் உற்று நோக்குங்கள். கடுகினும் சிறிதாக, வெளிறிய மஞ்சள் நிறத்தில், உருண்டையான முட்டை ஒன்று தென்படலாம். அஃது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி இட்டது. தாய்ப்பூச்சி தன் கால்களால் இலையைத் தட்டிச் சுவை அறிந்து, தன் குஞ்சுக்கு ஏற்ற செடி இதுவே எனத் தெளிந்த பின்னரே முட்டை இடுகின்றது. நாவின் வேலையைக் கால் செய்கின்றது! அம்முட்டையுள்ள கிளை நுனியைக் கிள்ளி எடுத்து, வாயகன்ற கண்ணாடிக் குப்பியில் இட்டு, கொசுவலைத் துணியால் வாயை மூடிக் கட்டுக. குப்பியை வெயில் நேரே படாத இடத்தில் வைக்க. எறும்பு ஏறாதிருக்க, நீர் நிறைந்த தட்டின் நடுவே அதனை நிறுத்துக.

சில நாள்களில் முட்டையிலிருந்து புழு வெளிவரும். பெரும்பாலும் அதன் முதல் உணவு அம்முட்டையின் ஓடே. பின்னர் இலையைத் தின்னத் தொடங்கும். இளம்புழு கருமையும் வெண்மையும் கலந்து, பறவையின் எச்சம் போலத் தோன்றும். எச்சத்தை எப்பறவை கொத்தும்? இவ்வாறு இழிந்த உருவமே அதற்கு அரணாகின்றது. நான்கு முறை தோலுரித்து வளர்ந்தபின், அது பச்சை நிறம் பெற்று இலையோடு இலையாக மறையும். அப்பொழுது அதனைத் தீண்டினால், தலைக்குப் பின்னிருந்து கவைக்கொம்பு போன்ற உறுப்பு ஒன்றை நீட்டிக் கடுநெடி பரப்பும். எறும்பு முதலிய பகைகளை விரட்ட இயற்கை அளித்த படைக்கலம் அது.

நாள்தோறும் புதிய தழை இடுக; எச்சத்தை அகற்றுக. எச்செடியில் முட்டை கிடைத்ததோ அச்செடியின் தழையே இடத்தக்கது. கடையில் வாங்கிய கறிவேப்பிலையில் பூச்சிமருந்து படிந்திருத்தல் கூடும். ஆதலின் அது வேண்டா. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் புழு உண்பதை நிறுத்தி, இங்குமங்கும் அலையும். அக்காலத்தில் காய்ந்த குச்சி ஒன்றைக் குப்பியில் சாய்த்து வைக்க. புழு அதன்மேல் ஏறி, வாலைப் பட்டிழையால் பிணித்து, இடையிலும் ஓர் இழையைச் சுற்றி, மரமேறுவோன் கயிற்றில் சாய்ந்திருப்பது போலச் சாய்ந்து நிற்கும். இறுதியாகத் தோலுரித்துக் கூட்டுப்புழு ஆகும். பட்டுப்பூச்சியைப் போல இஃது இழையால் கூடு கட்டுவதில்லை. உரித்த தோலின்கீழ் உள்ள உடலே இறுகிக் கூடாகின்றது. காய்ந்த குச்சியில் அமைந்தால் கூடு பழுப்பாகவும், பசுந்தண்டில் அமைந்தால் பச்சையாகவும் இருத்தல் பெரும்பாலும் காணக்கூடியது.

பத்து நாள் அளவில் கூட்டின் நிறம் கருக்கும். உள்ளிருக்கும் சிறகின் வண்ணம் புறத்தே தெரியும். மறுநாட் காலையில் கூடு வெடித்து, கசங்கிய துணி போன்ற சிறகுகளோடு பூச்சி வெளிவரும். உடலில் உள்ள நீர்மத்தைச் சிறகின் நரம்புகளுக்குள் செலுத்தி, பற்றித் தொங்கி, மெல்ல மெல்ல அவற்றை விரிக்கும். கருநிறத்தின்மேல் மஞ்சள் புள்ளிகளும், பின்சிறகில் செந்நிறப் பொட்டும் விளங்கும். அந்நேரத்தில் அதற்கு உதவ எண்ணிக் கூட்டைக் கிழிப்பதும் சிறகை இழுப்பதும் பெருந்தீங்கு. தொங்குவதற்கு இடமின்றி விழுந்தாலும் சிறகு கோணிவிடும். சிறகின்மேல் ஓடு வேய்ந்தாற்போல் நுண்ணிய செதில்கள் அடுக்கப்பட்டுள்ளன. நாம் தொட்டால் விரலில் ஒட்டும் பொடி அச்செதில்களே. ஆதலின் தொடாது நோக்குக. சில மணி நேரத்தில் சிறகு உலரும். குப்பியைத் தோட்டத்திற்குக் கொண்டு சென்று துணியை நீக்குக. பூச்சி பறந்து செல்லும். அதனைத் திரும்பப் பிடிக்க எவர்க்கும் மனம் வாராது.

எல்லாக் கூட்டிலிருந்தும் வண்ணத்துப்பூச்சியே வெளிவரும் என்று நம்புதல் வேண்டா. சில வேளைகளில் சின்னஞ்சிறு குளவிகள் வெளிவரும். அவை முன்னரே புழுவின் உடலில் முட்டையிட்டு, அதனை உண்டு வளர்ந்தவை. காண்பதற்கு வருத்தம் தருவதே எனினும், புழுக்கள் அளவிறந்து பெருகாமல் காக்கும் இயற்கையின் முறையும் அதுவே. இயற்கையை நேசிப்போன் அதன் மென்மையை மட்டுமன்றிக் கடுமையையும் கண்திறந்து காண்டல் வேண்டும்.

இவ்வாறு வீட்டில் புழு வளர்த்தே உலகிற்கு உண்மை உணர்த்திய பெண்மணி ஒருவர் உண்டு. அவர் பெயர் மரியா சிபில்லா மேரியன். 1647-ஆம் ஆண்டில் செருமனி நாட்டுப் பிராங்பர்ட்டு நகரில் பிறந்தவர். சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் புழுக்கள் தாமே தோன்றுகின்றன என்று மக்கள் பலர் நம்பிய காலம் அது. அவரோ, பதின்மூன்றாம் அகவையிலேயே பட்டுப்புழுவை வளர்த்து நோக்கத் தொடங்கினார். முட்டை, புழு, கூடு, பூச்சி ஆகிய நிலைகளை, அவை உண்ணும் செடியோடு சேர்த்து ஓவியமாக வரைந்தார். 1699-ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவின் சுரினாம் நாட்டிற்குக் கப்பலேறிச் சென்றார். அங்குக் கண்டவற்றை 1705-ஆம் ஆண்டில் பெருநூலாக வெளியிட்டார். அன்று அவர்க்குத் தூரிகை கருவியாயிற்று. இன்று நமக்குப் புகைப்படக்கருவி உள்ளது.

புகைப்படத்தால் இயற்கையைப் போற்றிய தமிழர்களுள் தலைசிறந்தவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மைந்தராகிய இவர், 1912-ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் பிறந்தார். முதுமலை முதலிய காடுகளில் பன்னாள் தங்கி, யானைகளையும் பிற விலங்குகளையும் கருப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தார். பல உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த கருவியையும் அதற்குப் பயன்படுத்தினார். 1950-ஆம் ஆண்டு முதல் 1996-ஆம் ஆண்டில் மறையும் வரை, ‘ஸ்டேட்ஸ்மன்’ என்னும் ஆங்கில நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1970-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். யானையைப் பற்றி எழுதிய அவரது எழுதுகோல் காக்கையையும் அணிலையும் பல்லியையும் பற்றி அதே பரிவோடு எழுதியது என்பதே நாம் நினைவில் கொள்ளற்பாலது.

பெருங்கருவி இல்லையே என்று மாணவர் தளர வேண்டா. வீட்டில் உள்ள கைப்பேசியே தொடக்கத்திற்குப் போதும். வண்ணத்துப்பூச்சி தன் உடல் வெம்மைக்குக் கதிரவனை நாடும் உயிர். இளங்காலையில் அது சிறகை விரித்து வெயில் காயும்; எளிதில் பறந்துவிடாது. அதுவே படம் எடுக்க ஏற்ற நேரம். உங்கள் நிழல் அதன்மேல் விழாதவாறு, உடலைத் தாழ்த்தி, மெல்ல அணுகுக. மழைக்குப் பின் ஈரமணலில் பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து உப்புச் சத்தை உறிஞ்சும் காட்சியும் படத்திற்கு ஏற்றது. நல்ல படத்திற்காகப் பூவைக் கிள்ளுவதும், கூட்டை இடம் பெயர்ப்பதும், பூச்சியைப் பிடித்து ஊசியில் குத்துவதும் தகா. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றிற்கும் காப்பளிக்கின்றது. காட்டிலிருந்து எதனையும் எடுத்து வராமல், வீட்டுச் செடியில் தானே வந்த உயிரை மட்டும் வளர்ப்பதே முறை.

படத்தின் கீழே நாளையும் செடியின் பெயரையும் குறித்து வைப்பீராயின், ஓராண்டில் ஓர் உண்மை உங்களுக்குப் புலனாகும். ஒவ்வொரு பூச்சிக்கும் உரிய செடி ஒன்றுண்டு. எருக்கின் தழையை வெந்தய வரியன் புழு உண்ணும். அப்பாலின் நச்சு அதன் உடலில் தங்குவதால் பறவைகள் அதனை வெறுக்கும். ஆவிரையிலும் கொன்றையிலும் வெளிர்நிறப் பூச்சிகள் வளரும். ஆமணக்கிற்கும் ஆடுதீண்டாப்பாளைக்கும் உரியவை வேறு. களை என்று நாம் வெட்டி எறியும் செடி ஏதோ ஒரு சிற்றுயிரின் தொட்டில்.

தொட்டில் அழிந்தபின் குழந்தை ஏது? சாலைகள் அகலும்போது ஓரத்து ஆவிரை போகின்றது. வேலிக்கு மாற்றாகச் சுவர் எழும்போது வேலிக்கொடி போகின்றது. பூச்சிமருந்து பயிரை மட்டும் கண்டு தெளிக்கப்படுவதில்லை. காற்றோடு சென்று வரப்பிலும் படிகின்றது. யானை தன் வழியை இழந்தால் நாளிதழில் செய்தி வரும். வண்ணத்துப்பூச்சி தன் செடியை இழந்தால் அதனை அறிவார் யார்? நாள்தோறும் நோக்கும் கண் உடையவரே அறிவர். முன்பு எடுத்த படம் அவர்க்குச் சான்றாக நிற்கும்.

இவ்வுணர்வு இன்று பரவி வருகின்றது. ஜவளகிரிக்கு எல்லை கடந்த பன்னேர்கட்டாவில் 2006-ஆம் ஆண்டில் நம் நாட்டின் முதல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே திருவரங்கத்தை அடுத்து, 2015-ஆம் ஆண்டில் தமிழக அரசும் அத்தகைய பூங்கா ஒன்றைத் திறந்தது. 2019-ஆம் ஆண்டில் ‘தமிழ் மறவன்’ என்னும் வண்ணத்துப்பூச்சி நம் மாநிலத்துக்கு உரியதாக அறிவிக்கப்பட்டது. அரசு அமைக்கும் பூங்கா சிலவே. மக்கள் அமைக்கத்தக்க பூங்காவோ வீடுதோறும் ஒன்று. எலுமிச்சை ஒன்றும் கறிவேப்பிலை ஒன்றும் மருந்து படாத வேலியோரம் ஒன்றும் இருப்பின், அதுவே போதும்.

அழகிய பூச்சியை விரும்பாதார் இல்லை. அருவருப்பான புழுவை விரும்புவார் அரியர். புழுவை நசுக்கிவிட்டுப் பூச்சியைத் தேடுவது விதையை வறுத்துவிட்டு விளைவை எதிர்நோக்குவது போலாம். தன் கையால் தழையிட்டுப் புழுவை வளர்த்தவன், பின்னர் எப்புழுவையும் காலால் தேய்க்கத் துணியான். மக்களிடத்தும் அவன் அவ்வாறே நடப்பான். இன்றைய தோற்றத்தைக் கொண்டு ஒருவரை இகழான். நாளை விரியக்கூடிய சிறகை எண்ணிப் பொறுத்திருப்பான். கூர்ந்து நோக்கலும், பொறுத்துக் காத்தலும், உரிய காலத்தில் விடுத்து மகிழ்தலும் ஆகிய இம்மூன்று பண்புகளையும் ஒரு சிறு குப்பியும் ஓர் எலுமிச்சைச் செடியும் நமக்குக் கற்பிக்குமாயின், அவற்றினும் சிறந்த ஆசான் வேறு யாவர்? நாளைக் காலையில் முற்றத்துச் செடியின் இலையைப் புரட்டிப் பாருங்கள். பாடம் அங்கே தொடங்குகின்றது.

வினாக்கள்

1. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசை நமக்கு உணர்த்துவது யாது?
2. பட்டுப்புழு வளர்ப்பிற்கும் வண்ணத்துப்பூச்சி வளர்ப்பிற்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளைக் கூறுக.
3. இளம்புழுவின் தோற்றம் அதற்கு எவ்வாறு அரணாகின்றது?
4. மேரியன் அம்மையார், மா. கிருஷ்ணன் ஆகியோரின் பணிகளைச் சுருக்கி எழுதுக.
5. ‘களை என்று நாம் வெட்டி எறியும் செடி ஏதோ ஒரு சிற்றுயிரின் தொட்டில்’ - உங்கள் ஊரில் கண்ட சான்று கொண்டு விளக்குக.