ஸ்கோர் ஏற்ற ஒரு கடனா?

"சிபில் ஏறணுமா? ஏதாவது ஒரு ஆப்பில் பத்தாயிரம் எடுத்துக் கட்டு, தானா ஏறும்." மீனவர் ஊரான கிள்ளையின் டீக்கடையிலிருந்து சிதம்பரம் மேலவீதி வரை இலவசமாகக் கிடைக்கும் யோசனை இது. சொல்கிறவர் யாரும் தன் கடன் அறிக்கையை ஒருமுறைகூட எடுத்துப் பார்த்திருக்க மாட்டார். ஸ்கோர் இல்லை என்றால் கெட்ட ஸ்கோர், வங்கி வாசலை மிதிக்கவே முடியாது என்ற பயம்தான் இதற்கு அடிப்படை. அந்தப் பயமே தப்புக் கணக்கு. கடன் தகவல் நிறுவனமான சிபில் தரும் ஸ்கோர் 300-இல் தொடங்கி 900-இல் முடிகிறது. கடனே வாங்காதவருக்கு வரும் -1 அந்த வரிசையிலேயே இல்லை. இவரைப் பற்றிச் சிபிலிடம் எந்தப் பதிவும் இல்லை என்பதுதான் அதன் பொருள். 300-ஐ ஒட்டி நிற்பவர் வாங்கிய கடனைக் கட்டாமல் விட்டவர். பரீட்சையே எழுதாதவனையும் ஃபெயிலானவனையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கலாமா? முதல்முறை கடன் கேட்பவரைக் கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 6 தேதியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. குறைந்தபட்ச ஸ்கோர் எதுவும் விதிக்கப்படவில்லை என்று நிதியமைச்சகமும் அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

"விதி டெல்லியில் இருக்கும், மேனேஜர் இங்கேதானே இருக்கிறார்" என்பார்கள். நியாயமான கேள்விதான். வருமானத்தையும் திருப்பிக் கட்டும் சக்தியையும் பார்த்து மறுக்க வங்கிக்கு உரிமை உண்டு. ஆனால் "சிபில் இல்லை, போங்க" என்ற வாய்ச்சொல்லோடு எழுந்து வரக் கூடாது. காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். வங்கிக்குப் புகார் எழுதி 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் செல்லலாம், கட்டணம் கிடையாது. இதைச் செய்யாமல் ஆப்புக்குப் போனால் என்ன ஆகும்? ஒரே வாரத்தில் நாலு ஆப்பில் விண்ணப்பித்தால் நாலு விசாரணைகள் அறிக்கையில் ஏறும். பார்க்கிற வங்கிக்கு இவர் பணத்துக்கு அலைகிறார் என்றே தோன்றும். ஆற்றில் மீன்பாடு இல்லாத வாரத்தில் தவணை தவறினால் அதுவும் பதிவாகும். கடன் கொடுத்தவர்கள் 15 நாளுக்கு ஒருமுறை விவரம் அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் வந்ததிலிருந்து, தவறு முன்பைவிடச் சீக்கிரமே ஏறிவிடும். ரிசர்வ் வங்கிப் பதிவுள்ள நிறுவனம் பின்னால் இல்லாத ஆப் என்றால் இன்னும் மோசம். ஒழுங்காகக் கட்டியதை அது எங்கும் தெரிவிக்காது, செல்போனிலுள்ள நம்பர்களை எடுத்து மிரட்ட மட்டும் தெரியும்.

இந்தப் பக்கத்து மக்கள் கடனே வாங்காதவர்களா என்ன? மீன் வியாபாரியிடம் முன்பணம், அடகுக்கடை, வாரவட்டி என்று இருபது வருடமாக வாங்கி நாணயமாகக் கட்டியவர்களுக்கும் அறிக்கையில் -1 தான், ஏனென்றால் அந்த நாணயம் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. தேவை புதிய கடன் அல்ல. எப்படியும் வாங்கப்போகிற கடன் பதிவாகிற இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதே நகையை வங்கியில் வைத்தால் பதிவாகும். சுயஉதவிக் குழுக் கடனில் ஒவ்வொரு உறுப்பினரின் விவரத்தையும் அனுப்பும்படி ரிசர்வ் வங்கி 2016-லேயே சொல்லிவிட்டது. கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தால் வைப்புத்தொகையின் பேரில் கிரெடிட் கார்டு வாங்கி, சிறிதாகச் செலவழித்து, கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவரலாம்.

ஸ்கோர் பற்றிய மற்ற சந்தேகங்களுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. கணக்கில் பணம் கிடந்தால் ஸ்கோர் ஏறாது. சொந்த ஸ்கோரைப் பார்த்தால் குறையாது. சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஜாமீன் கையெழுத்துதானே என்று போட்டால் அந்தக் கடன் உங்கள் அறிக்கையிலும் வந்து நிற்கும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டிய கடன் 'செட்டில்டு' என்றுதான் பதிவாகும், முடித்த கடனாக அல்ல. காசு வாங்கிக்கொண்டு உண்மையான பதிவை அழித்துத் தருகிறேன் என்பவர் ஏமாற்றுக்காரர்.

ஆப் விளம்பரம் எட்டிய தூரத்துக்கு, பதிவாகும் கடன்களில் ஒன்றான மீனவர் கிஸான் கடன் அட்டை ஏன் எட்டவில்லை என்பதுதான் எரிச்சல். மீன்வளத்துக்கும் அது உண்டு என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டது. 2 லட்சம் வரை பிணையம் தேவையில்லை. வட்டி 7 சதவீதம், கெடு தவறாமல் கட்டினால் 4. பதிவுசெய்த படகு குத்தகைக்கு இருந்தாலும், மீன்பிடி அனுமதியோடு கேட்கலாம். ஆனால் படகே இல்லாமல் பிச்சாவரம் சதுப்பில் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு அந்த விதியில் தெளிவான இடம் இல்லை. மகளிர் குழுக்களுக்கும் அட்டை உண்டு என்று அதே விதி சொல்கிறது. அந்த வழியில் இவர்களைச் சேர்க்க மாவட்ட மீன்வளத் துறையும் வங்கிகளும் கிள்ளையில் ஒரு முகாம் போடலாம்.