வெருகல் வழியாகப் போகலாமா?

கேள்வி: வருகிற ஆனியில் கப்பல்துறையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு வந்து, அங்கிருந்து மட்டக்களப்புக்குப் போக வேண்டும். ஹபரணை, பொலன்னறுவை என்று சுற்றாமல் மூதூர், வெருகல், வாகரை ஊடாகக் காட்டுக் கரையால் போகலாம் என்கிறார் மச்சான். “அங்கே வெறும் பற்றைக்காடுதான்” என்கிறாள் மனைவி. வானில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வருவார்கள். போவது பெறுமதியா?
– வாசகர், வவுனியா

பதில்: போங்கள். ஆனால் உங்கள் மனைவி சொல்வதும் பொய்யில்லை. சிங்கராஜா மாதிரி ஓங்கிய காட்டை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பாலையும் வீரையும் முட்பற்றையும் கலந்த வறண்ட காடு இது. ஆனியில் பாலைப்பழம் வரும். பிள்ளைகளின் உதட்டில் முதலில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவிவிடுங்கள். இல்லாவிட்டால் பழத்தின் பால் ஒட்டி, வாகரை வரை வாய் திறக்காமல் வருவார்கள். (அதை விரும்பும் பெற்றோரும் உண்டு.)

சுமார் 130 கிலோமீற்றர் நீளமான இந்த ஏ-15 வீதியின் ருசி காட்டில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. களப்பு, மகாவலி, அதன் கிளையான வெருகலாறு என்று மாறி மாறிக் கடக்க வேண்டும். முன்பெல்லாம் இங்கே ‘பாதை’ ஓடியது. எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வீதியல்ல. வாகனத்தையும் ஆளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. கிண்ணியாத் துறையில் வரிசையில் நின்று நான் தின்ற அவித்த கச்சானுக்குக் கணக்கில்லை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்ததும் அந்தக் காத்திருப்பு போயிற்று. “பாதையில் போன சுகமே தனி” என்று பெருமூச்சு விடுபவர்களோடு எனக்கு ஒத்துவராது. 2021 நவம்பரில் அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் மிதவை கவிழ்ந்து, பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளையும் பறிகொடுத்தோம்.

மூதூரில் இறங்கிக் கொட்டியாரக் குடாவைப் பாருங்கள். 1659இல் புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பலொன்று புது மரம் நாட்டிக்கொள்ள இந்தக் குடாவுக்குள்தான் வந்தது. அதில் வந்த றொபேட் நொக்ஸை 1660இல் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துப் போனார்கள். தப்பிப் போக அவருக்குப் பத்தொன்பது வருடம் பிடித்தது.

நீங்கள் ஒரே பகலில் தப்பிவிடலாம். காலையிலேயே கிளம்பி, சீனக்குடா, வெள்ளைமணல் வழியாகப் பாலம் ஏறுங்கள். மூதூர்ப் பக்கம் சட்டித் தயிர் வாங்கி, சட்டி உருளாதபடி அம்மாவின் காலடியில் வையுங்கள். மத்தியானச் சாப்பாட்டைத் தங்கச்சியிடமே கட்டி வாங்கிக்கொள்வது புத்தி. வெருகல் சித்திர வேலாயுதர் கோயில் ஆற்றங்கரையில் இருக்கிறது. நிழலில் அம்மா கால் நீட்டலாம். பிள்ளைகளை மட்டும் ஆற்றில் இறக்காதீர்கள். முதலை இருக்கும்.

நாலு மணிக்குள் வாகரையைத் தாண்டிவிடுங்கள். பொழுது சாய்ந்தால் வீதி யானைக்குச் சொந்தம். கண்டால் ஹோன் அடிக்காமல் தூரத்திலேயே நிறுத்திப் பின்னுக்கு எடுங்கள். ஐப்பசிக்குப் பிறகென்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன்: மாரியில் மகாவலி பெருகினால் வெருகல் பக்கம் வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும், பிறகு ஹபரணைதான் கதி.

கடல் குளிப்புத்தான் வேண்டுமென்றால் அதற்கு நிலாவெளி போதும். இல்லையென்றால் மச்சானையும் வானில் ஏற்றிக்கொள்ளுங்கள். பாலைப்பழம் எந்தச் சந்தியில் விற்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.