மூட்டுவலி எல்லாம் ஒன்றல்ல

ஜெஞ்சாரோம் வட்டாரத் தோட்டங்களில் எந்த மூட்டு வலித்தாலும் அதனை 'வாதம்' என்றே கூறித் தைலம் தேய்த்துக்கொள்வது நம் வழக்கம். ஆனால், மூட்டு நோய்கள் பலவகைப்பட்டவை. வகையறிந்தால்தான் பால்மரம் சீவும் கைகளை நாம் காத்துக்கொள்ள இயலும்.

தேய்மான வாதம்: வயதாலும், பலகாலம் பளு சுமந்ததாலும் முழங்கால் மூட்டு தேய்கிறது. வேலை செய்தால் வலி மிகும், ஓய்வில் தணியும். உடற்பருமனைக் குறைத்தலும், தொடைத் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் நலம் தரும். பால் வாளியை நிறைத்துச் சுமப்பதினும் இருமுறை நடப்பது மேல்.

முடக்குவாதம்: உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குவதால் வருவது. இரு கைவிரல் மூட்டுகளும் வீங்கும். காலையில் ஒரு மணி நேரத்திற்கு மேலும் விறைத்திருக்கும். பெண்களையே அதிகம் பற்றும். காலம் தாழ்த்தினால் விரல்கள் கோணிப்போகும். தொடக்கத்திலேயே மருந்துண்டால் அடக்கலாம்.

கௌட்: இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுவதால் உண்டாவது. பெரும்பாலும் இரவில் கால் பெருவிரல் திடீரெனச் சிவந்து வீங்கும். மது, ஈரல், நெத்திலி ஆகியவற்றைக் குறைத்தல் வேண்டும்.

காய்ச்சலுடன் ஒரு மூட்டு வீங்கினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்க.

பதிவு பெறாத ஜாமு, மாத்திரைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு கண்டறிந்துள்ளது. அவை வலியை மறைத்து எலும்பை நலிவிக்கும், இனிப்புநீரையும் கூட்டும். நெடுநாள் உண்டவர்கள் திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறுக. 'MAL' எனும் பதிவெண்ணைப் பார்த்தே மருந்து வாங்குவோம். வலி நீடித்தால் அரசாங்கக் கிளினிக்கை நாடுவோம்.