பாட்டியைச் சும்மா உட்கார வைக்காதீங்க



இந்த மாதப் பாடம் நம்ம வீட்டுப் பெரியவங்களைப் பற்றியது. "பாட்டிக்கு வயசாயிடுச்சு, அதான் மறந்து போறாங்க" என்று சொல்லாத வீடு நம்மிடையே குறைவு. இந்தப் பேச்சுதான் பல குடும்பங்களில் டாக்டரிடம் போகும் நாளைத் தள்ளிப் போடுகிறது. ஆகவே முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

மறதி வேறு, நோய் வேறு

சாம்பாருக்கு உப்புப் போட மறப்பது யாருக்கும் நடக்கும். நாற்பது வருஷமாக வைத்த சாம்பாருக்கு அடுத்து என்ன போடுவது என்று தெரியாமல் அடுப்புக்கு முன்னால் நிற்பது வேறு. கேட்ட கேள்வியையே அரைமணி நேரத்தில் பலமுறை கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, சில்லறைக் கணக்கு தடுமாறுவது, வைத்த நகையைக் காணாமல் வீட்டார்மேல் சந்தேகப்படுவது ஆகியவை முதுமை மறதி நோயின், அதாவது டிமென்ஷியாவின், அடையாளங்களாக இருக்கலாம்.

2018-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருக்கக்கூடும் என்று தெரியவந்தது. பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் பஜனையில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா மறதியும் டிமென்ஷியா ஆகிவிடாது. மனச்சோர்வு, தைராய்டு கோளாறு, பி12 சத்துக் குறைவு ஆகியவையும் இப்படியே காட்டும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. பல வருஷம் சைவமாக இருப்பவர்களுக்கும், இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். அதனால்தான் "வயசு" என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. ஒரே நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் அது அவசரம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போகணும்.

நம்மவர்களுக்கு ஏன் கூடுதல் கவலை?

ஒன்று, இனிப்பு நீர். 2019 தேசிய ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன.

இரண்டு, தனிமை. 1980, 90-களில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது பல குடும்பங்கள் கிள்ளான், பூச்சோங், ஷா ஆலாம் பக்கம் அடுக்குமாடிகளுக்கு வந்தன. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரம் சீவி, மாலையில் லயத்து வாசலில் நாலு பேரோடு பேசியவர்கள் நம் பாட்டிகள். இப்போது நாம் வேலைக்கும் காலேஜுக்கும் போனபின், பத்தாவது மாடியில் டிவியோடு தனியாக இருக்கிறார்கள். லிப்ட் பழுதானால் கோயிலுக்கும் போக முடியாது.

நம் கையில் என்ன இருக்கிறது?

'லான்செட்' மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2024-இல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றை வாழ்நாள் முழுதும் சரிசெய்ய முடிந்தால் உலகில் ஏறக்குறைய 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் கணிப்பு. இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, புகை, மது, உடல் அசையாமை, காது மந்தம், கண் மங்கல், மனச்சோர்வு, தனிமை எல்லாம் அதில் உண்டு. இவற்றில் பல நடுவயதிலேயே வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே இது பாட்டிக்கான பாடம் மட்டுமல்ல, உங்க அம்மா அப்பாவுக்கும், நாளைக்கு உங்களுக்கும்தான்.

மூளைக்கு வேலை வேணும் என்பதற்கு இன்னொரு சான்று ஹைதராபாத்தில் கிடைத்தது. அங்கே டிமென்ஷியா நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருஷம் தாமதமாக வந்திருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வேறுபாடு தெரிந்தது. இது உறுதியான காப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும், வீட்டில் தமிழ், கடையில் மலாய் என்று பேசிப் பழகிய நம் தாத்தா பாட்டியைப் பேசவிடாமல் வைப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கேதான் நம் அன்பு தவறான வழியில் போகிறது. "நீங்க உட்காருங்க பாட்டி, நான் பார்த்துக்கிறேன்" என்று கரண்டியை வாங்குகிறோம், பூ கட்டுவதை வாங்குகிறோம், கடைக்குப் போவதை நிறுத்துகிறோம். மரியாதை என்று நினைத்துச் செய்கிறோம். அவர்களுக்கு மிஞ்சுவது நாற்காலி ஒன்றுதான். பாதுகாப்புக்கு நாம் பக்கத்தில் இருக்கலாம். வேலையை மட்டும் அவர்களிடமே விடலாம்.

கிளையாகச் செய்யக்கூடியவை

1. வாரம் ஒருநாள் அடுக்குமாடிப் பெரியவர்களைக் காரில் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கந்தசுவாமி கோயில், கிள்ளானில் சுந்தரராஜப் பெருமாள் கோயில் என்று பக்கத்தில் உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். பிராகாரம் சுற்றுவது நடைப்பயிற்சியும் ஆகும்.

2. சமயவகுப்பில் அவர்களை ஆசிரியர் ஆக்குங்கள். பூ கட்டுவது, கோலம், பழைய பஜனைப் பாட்டு என எதுவும் இருக்கலாம். பேசத் தடுமாறுபவர்கள்கூட, சின்ன வயதில் கற்ற பாட்டைப் பாடுவதுண்டு.

3. காது, கண் பரிசோதனைக்கும் இனிப்பு நீர்ச் சோதனைக்கும் அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். காது கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்குவார். அதைத் "திமிர்" என்று சொல்லாதீர்கள்.

4. சமூக நலத்துறையின் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையம் உங்கள் பகுதியில் எங்கே என்று விசாரியுங்கள். நோய் உறுதியான குடும்பங்களுக்குப் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள மலேசிய ஆல்சைமர் நோய் அறநிறுவனம் வழிகாட்டும்.

நோய் வந்தவரிடம் "இப்பதானே சொன்னேன்!" என்று கத்தாதீர்கள். இறந்துபோன தங்கையைத் தேடினால், "அவங்கதான் செத்துட்டாங்களே" என்று ஒவ்வொரு முறையும் புதுசாக அழவைக்க வேண்டாம். "சித்தி எப்படி இருப்பாங்க பாட்டி, சொல்லுங்க" என்று கேளுங்கள். பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் பார்வையற்றோருக்குத் தடம் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மறதி வந்தவருக்கு அந்தத் தடம் வீட்டில் உள்ளவர்கள்தான். அவரைப் பகலிரவு பார்த்துக்கொள்ளும் அம்மாவோ அக்காவோ வாரம் ஒரு மாலை ஓய்வெடுக்க, நீங்கள் போய் உட்காருவதும் தொண்டுதான்.

கலந்துரையாட

• உங்கள் வீட்டில் பெரியவர்களிடமிருந்து நீங்கள் "அன்பாக" வாங்கிக்கொண்ட வேலைகள் எவை? எவற்றைத் திருப்பித் தரலாம்?
• உங்கள் தாத்தா அல்லது பாட்டி நேற்று வீட்டாரைத் தவிர யாரிடம் பேசினார்?
• நம் கிளை வட்டாரத்தில் பகலில் தனியாக இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்? அடுத்த கூட்டத்துக்குள் விசாரித்து எழுதி வாருங்கள்.