குழாயின் மேல் எழுதியிருப்பது போதாது

நீராவி 540 டிகிரி செல்சியஸில் ஓடும் பைப்லைனில் தவறான எஃகுத் துண்டு ஒன்று சேர்ந்துவிட்டால் அன்றே எதுவும் தெரியாது. அழுத்தச் சோதனையில்கூட அது தேறிவிடும், ஏனென்றால் அந்தச் சோதனை குளிர்ந்த நீரில் நடக்கிறது. மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, பக்கத்தில் ஆள் நடந்துபோகும் நேரத்தில் அது வெடிக்கலாம். தில்லியில் குழாய் வாங்கிப் பரிசோதிக்கும் வேலையில் ஒவ்வொரு நாளும் இந்த அச்சம் என்னோடு இருக்கிறது. அது இருக்கவும் வேண்டும்.

பதர்பூர் அனல்மின் நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டதும் தில்லியில் இந்தக் குழாய்களுக்கு வேலை இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் பவானாவில் வாயு மின்நிலையம் இருக்கிறது. ஓக்லாவிலும் காசிப்பூரிலும் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். பானிப்பட், மதுரா சுத்திகரிப்பு ஆலைகளும் தொலைவில் இல்லை. இவற்றின் அவசரத் தேவைக்கு வியாபாரிகளின் கிடங்குகளைத்தான் தேடிப் போகிறோம்.

அங்கே எல்லாக் குழாயும் ஒரே கறுப்பு. 425 டிகிரிக்கு மேல் நெடுநாள் இருந்தால் சாதாரணக் கார்பன் எஃகில் கிராஃபைட் பிரிந்து வலிமை குறையும். அதற்காகத்தான் குரோமியமும் மாலிப்டினமும் சேர்க்கிறார்கள். குரோமியம் பி11 என்ற தரத்தில் 1.25 சதவீதம், பி22-ல் 2.25, பி91-ல் 9. கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது.

முதலில் ஹீட் நம்பரை, அதாவது எஃகு எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். குழாயில் உள்ளதும் ஆலைச் சான்றிதழில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். கொதிகலன் பணிக்கென்றால் இந்தியக் கொதிகலன் விதிகளின் (ஐபிஆர்) படிவம் 3-ஏ-யும் கேளுங்கள். பிறகு கலவையைக் காட்டும் எக்ஸ்ரே கருவியால் ஒவ்வொரு குழாயையும் சோதியுங்கள், மாதிரிக்கு இரண்டு மூன்று போதாது. ஒருமுறை பி22 என்று வந்த கட்டில் ஒரே ஒரு குழாய் மட்டும் குரோமியம் 1.2 காட்டியது. காகிதங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. பெயின்டையும் துருவையும் தேய்த்து எடுத்த பிறகே கருவியை வையுங்கள். அது மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும், கார்பன் அளவையும் சொல்லாது.

பி91-க்குக் கலவை சரியாக இருந்தாலும் போதாது. அதன் வலிமை வெப்பப் பதப்படுத்தலில் இருக்கிறது: 1040 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி 730 முதல் 800 வரை டெம்பர் செய்கிறார்கள். தளத்தில் யாரோ கேஸ் டார்ச்சால் சூடாக்கி வளைத்திருந்தால் எக்ஸ்ரே கருவி குறையேதும் காட்டாது, குழாயோ கெட்டுப்போயிருக்கும். ஆகவே கடினத்தன்மையையும் அளந்துவிடுங்கள். பிரினெல் அளவு 190-க்கும் 250-க்கும் இடையே இருந்தால் நிம்மதி.

வெல்டிங்கிலும் இதே கண்டிப்பு வேண்டும். 200 டிகிரிக்கு முன்சூடு, முடிந்ததும் 100-க்குக் கீழே ஆறவிடல், அதன் பிறகே சுமார் 750 டிகிரியில் பின்பதப்படுத்தல். நடுவில் உள்ள ஆறவிடலை அவசரக்காரர்கள் தவிர்த்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் உலோக அமைப்பு முழுதாக மாறாமலே பதப்படுத்தலுக்குப் போய்விடும். தில்லியின் ஜனவரி இரவில் முன்சூடு சீக்கிரம் இறங்கிவிடும், பனிமூட்டத்தில் எலக்ட்ரோடு ஈரம் இழுக்கும். செராமிக் போர்வையும் எலக்ட்ரோடு உலர்த்தும் அடுப்பும் தயாராக இருக்கட்டும். பதப்படுத்தும்போது மின்சாரம் போனால் மாற்ற ஜெனரேட்டரும் வேண்டும். திருச்சியில் பயிற்சி பெற்ற உயர் அழுத்த வெல்டர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

குழாயை வெட்டும் முன், மீதமாகப் போகும் துண்டிலும் ஹீட் நம்பரை எழுதிவையுங்கள். எண் இல்லாத துண்டு, ஆலையைப் பராமரிப்புக்கு நிறுத்தும் அடுத்த ஷட்டவுனில் எங்கே போய் அமரும் என்று யாருக்கும் தெரியாது.

கழற்றிய பழைய குழாயை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். கலவை சோதனையில் அது புதிதுபோலத் தேறும், ஆனால் வருடக்கணக்கில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் அதன் ஆயுள் கரைந்திருக்கும்.

ஷட்டவுன் ஒரு நாள் நீண்டாலும் பரவாயில்லை. சந்தேகமுள்ள குழாயைத் திருப்பி அனுப்புங்கள்.